நெயில் பாலிஷ் டைமண்ட்

நான் உங்கள் குண்டூசி, வயது இருபத்து மூன்று, பில்லியர்ட்ஸ் கிளப்பின் பின்பக்க ஸ்டோர் ரூமில் இருக்கிறேன். கதவு வெளியே பூட்டியிருக்கிறது. அம்மா, உடனே நெஞ்சில் கை வைக்காதே. மரத்தில் அடித்த லாக்கர் பூச்சு காயும்வரை தூசி வரக்கூடாது என்று முதலாளி பூட்டிவிட்டுப் போவது வழக்கம்தான். கையெல்லாம் பிசுபிசு என்று இருப்பதால் போனை அலமாரியில் சாய்த்துவைத்துப் பேசுகிறேன், அதுவே எழுதிக்கொள்கிறது. நம் வீட்டுப் பேச்சு அதற்குப் பிடிபடவில்லை. செய்தி வாசிப்பவர் மாதிரி பேசினால்தான் ஒழுங்காக எழுதுகிறது. ஆகவே இவன் எப்போது பெரிய மனுஷன் ஆனான் என்று அக்காவும் அத்தானும் சிரிக்க வேண்டாம்.

மாமா இல்லாத வாட்ஸ்அப் குரூப்பில்தான் இதைப் போடுகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

மாமா இந்த கிளப்பில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு இங்கே வேலை கேட்டபோது, எங்கள் அக்கா மகன் மர பாலிஷில் கை தேர்ந்தவன் என்று முதலாளியிடம் ஒரு போடு போட்டிருக்கிறார். நான் ஃபர்னிச்சர் கடையில் சோபாவுக்கு அட்டை சுற்றி வண்டியில் ஏற்றியவன். பாலிஷ் அறைப் பக்கம் போனாலே அங்கிருந்த மேஸ்திரி, தும்மிடாதடா, வெளியே போடா என்று விரட்டுவார். அதுதான் என் மொத்த அனுபவம்.

வந்த புதிதில் பந்து அடுக்கினேன், மேஜைத் துணிக்கு பிரஷ் போட்டேன், பந்து அடிக்கும் ஸ்டிக்கின் நுனியில் தேய்க்க நீலச் சுண்ணாம்புக்கட்டி எடுத்துக் கொடுத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன். அப்போது பல் டாக்டரின் ஸ்டிக் வந்து சேர்ந்தது.

இந்த டாக்டர் கிளப்பில் ராஜா மாதிரி. அவருடைய ஸ்டிக் அதற்கு மேல். பிடிக்குச் சற்று மேலே, கறுப்பு வளையத்துக்குள் சீட்டுக்கட்டில் இருப்பது போல நான்கு வெள்ளை டைமண்ட், முத்துச்சிப்பியை வெட்டி மரத்துக்குள் இறக்கியது. முதலாளிதான் அதை அவருக்கு விற்றவர். டாக்டர் ஈரத் துணியில் சுற்றி கார் டிக்கியில் போட்டு மறந்துவிட்டார். வெயிலில் மேல்பூச்சு வெளுத்து, கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்த மாதிரி ஆகிவிட்டது.

நம்மிடம் பாலிஷ் ஆள் இருக்கிறான் என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். என்னைத் தனியே கூப்பிட்டு, இதை நல்லபடியாக முடித்துக்கொடு, இந்த நாட்டில் நீ வேலை பார்ப்பதற்கான பெர்மிட்டுக்கு உடனே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். முடிக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. பின்னால் நின்ற மாமா எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தலையை ஆட்டு ஆட்டு என்று சைகை காட்டினார். ஆட்டிவிட்டேன்.

போனில் வீடியோ பார்த்தே வேலையை ஆரம்பித்தேன். கெட்டுப்போன இடத்துக்கு இருபுறமும் டேப் ஒட்டினேன். நைஸான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, மரத்தின் ரேகை போகிற பக்கமே தேய்த்தேன். பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேரும் இடம் விரலில் தட்டக்கூடாதாம். அதற்காக ஓரத்தில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தேய்த்துக்கொண்டே போனேன். பால் மாதிரி வெள்ளைச் சாறு இறங்கியது. திடீரென்று அது கறுப்பாக இறங்கியது. துடைத்துப் பார்த்தால் நான்கில் ஒரு டைமண்டைக் காணோம்.

சிப்பியையே தேய்த்துத் தின்றுவிட்டேன் என்று நினைத்தேன். லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. சிப்பி இறக்கியிருந்தால் மரத்தில் குழி இருக்க வேண்டும். அங்கே வெறும் மரம், வழவழ என்று. மிச்சம் இருந்த ஓரம் சவ்வு மாதிரி சுருண்டு நின்றது. குழந்தைகள் கையில் ஒட்டிக்கொள்ளும் டாட்டூ இருக்கிறதே, அதே சங்கதி. ஸ்டிக்கரை ஒட்டி மேலே பூச்சு அடித்திருக்கிறார்கள்.

நான் கதவைத் தட்டி முதலாளியை வரவழைத்தேன். திட்டுவார், அடிக்கக்கூட அடிப்பார் என்று இருந்தேன். அவர் ஸ்டிக்கை வாங்கி ஒரு தடவை உருட்டிப் பார்த்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை, அக்கா. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது.

"வெள்ளையா எதாவது வச்சு வரைஞ்சிடேன், தம்பி," என்றார்.

முதலாளி, நான் நிஜத்தில் பாலிஷ் ஆள் இல்லை, மாமா சும்மா சொன்னது, சோபா ஏற்றியவன் நான் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் என் தோளில் தட்டினார்.

"இந்த அடக்கம்தான் தம்பி உங்கிட்ட எனக்குப் பிடிச்சது. வேலை தெரியாதவன் எவன் தெரியாதுன்னு சொல்றான்?"

போய்விட்டு, தன் மனைவியின் நெயில் பாலிஷ் பாட்டிலோடு திரும்பி வந்தார். முத்து நிறம். டாக்டர் காதில் எதுவும் விழ வேண்டாம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். பூட்டுகிற சத்தம் அதுவரை நான் கேட்ட அதே சத்தம்தான். ஆனாலும் அன்றைக்கு அது தூசிக்காகப் பூட்டியது மாதிரி கேட்கவில்லை.

வரைந்தேன். முதலில் டேப்பை டைமண்ட் வடிவத்தில் பிளேடால் வெட்டி, உள்ளே நெயில் பாலிஷை மெல்லிசாகத் தடவினேன். காயவிட்டு மறுபடி தடவினேன். அது முழுக்க இறுகிய பிறகு மேலே லாக்கர். தடிமனாக அடித்தால் வழியும், சுருங்கும் என்பதால் மெல்லிசு மெல்லிசாக அடித்து, ஒவ்வொரு முறையும் ஸ்டிக்கை நூலில் கட்டி ஆணியில் தொங்கவிட்டேன். ஃபேன் போடக்கூடாது. ஜன்னல் திறக்கக்கூடாது. வெளியே பந்துகள் மோதுகிற சத்தம், சிரிப்பு. உள்ளே நானும் அந்த ஸ்டிக்கும் எதிரெதிரே, யார் முதலில் மூச்சு விடுவது என்கிற மாதிரி. பாத்ரூம் போகக்கூட மாமாவுக்கு மெசேஜ் போட வேண்டும். அவர் கல்லாவை விட்டு முதலாளியிடம் சாவி வாங்கி வருவதற்குள் எனக்குக் கண் பிதுங்கிவிடும்.

இறுகியதும் தண்ணீர் போட்டுத் தேய்த்து, கார் பாலிஷ் போட்டுத் துடைத்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், பளபள என்று வந்துவிட்டது.

டாக்டர் க்ளினிக்கிலிருந்து நேராக வந்தார். பல் பார்க்கிற பூதக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். முதலாளி பக்கத்திலேயே காவல் நின்றார். நல்லவேளையாக வெளியே ஒரு மேஜையில் தகராறு என்று மாமா கூப்பிட, அவர் போக வேண்டியதாயிற்று. டாக்டர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்தார். இனி மறைக்க முடியாது. தவிர, இந்த ஒரு மனிதர் கோபப்பட்டுக் கத்தினால் எல்லாம் வெளியே வந்துவிடும், நான் பழையபடி பந்து அடுக்கப் போய்விடலாம், இல்லை ஊருக்காவது வந்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

"டாக்டர், இதுல ஒண்ணு நான் வரைஞ்சது. எதுவுமே சிப்பி இல்ல. எல்லாம் ஸ்டிக்கர்."

அவர் நிமிரவே இல்லை. "எது வரைஞ்சது?"

காட்டினேன்.

"இதுதான் இருக்கறதுலயே நல்லாருக்கு," என்றார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "தெரியும் தம்பி. வாங்குன வாரமே தெரியும். தினம் பல்லு பாக்கறவனுக்கு எது முளைச்சது, எது ஒட்டுனதுன்னு தெரியாதா?"

அப்போ ஏன் கேட்கவில்லை என்றேன்.

"வெளிய நிக்கறானுங்களே, அவனுங்களுக்குத் தெரியாது. இத உறையிலேர்ந்து எடுத்தாலே பாதிப் பேருக்குக் கை நடுங்குது. அதக் கெடுத்துடாத." வாசல் வரை போனவர் திரும்பினார். "முதலாளிட்டயும் சொல்லிடாத. நான் ஏமாந்து வாங்கிட்டேன்னு நினைச்சுட்டு இருக்காரு, சந்தோஷமா இருக்கட்டும்."

முதலாளி வந்து, டாக்டரிடம் ஏதாவது சொன்னாயா என்று கேட்டார். இல்லை என்றேன். நீ நம்ம ஆளு என்றார். பெர்மிட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்று மாமா அதை உங்களிடம் போனில் சொல்லி, நீங்களெல்லாம் கைதட்டியது எனக்கும் கேட்டது.

அதற்கப்புறம் நடந்ததுதான் மாமா உங்களுக்குச் சொல்லாதது. டாக்டர் கிளப் முழுக்க என்னைப் புகழ்ந்து வைத்துவிட்டார். ஸ்டோர் ரூம் கதவுக்கு மேலே 'இங்கு ஸ்டிக் பாலிஷ் செய்து தரப்படும்' என்று போர்டு ஏறிவிட்டது. வந்ததெல்லாம் பெரும்பாலும் முதலாளி விற்றவை. ஒன்றைத் தேய்த்தால் கருங்காலி மரம் என்றதற்கு அடியில் வெள்ளை மரம் சிரிக்கிறது. இன்னொன்றில் வெள்ளிக் கம்பி என்றது வெறும் பெயின்ட். நான் வரைந்து மூடுகிறேன், அவர்கள் தடவிப் பார்த்து மகிழ்கிறார்கள். பந்து அடுக்க வேறு ஆள் போட்டாயிற்று. எனக்கு இந்த அறையும் ஆணியும் நூலும்தான்.

இன்று தையல்காரர் ஒருவர் தன் ஸ்டிக்கைக் கொண்டுவந்தார். அவருடைய மாமனார் ஆடியதாம், இங்கே வாங்கியது இல்லை. பூச்சு முழுக்க நுணுக்கமாக விரிசல் விட்டிருக்கிறது. "டாக்டர் ஸ்டிக்கு மாதிரியே பண்ணிக் குடுப்பா," என்று சொல்லி, தூங்குகிற குழந்தையை மாற்றிக் கொடுப்பது போல என் கையில் கொடுத்தார். ஓரத்தை லைட்டில் பார்த்தேன். பூ வேலைப்பாடு மரத்துக்குள் இறங்கியிருக்கிறது. சாய்த்தால் பச்சையும் ரோஸும் ஓடுகிறது. சிப்பி. நிஜ சிப்பி. காகிதத்தைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு இருக்கும் போல, ஒரு இடத்தில் லேசாகத் தூக்கியும் நிற்கிறது. இது போனால் எந்த நெயில் பாலிஷும் உதவாது. முதலாளியிடம் முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். மறுபடியும் அடக்கம் என்கிறார்.

இப்போது ஆணியில் தொங்குவது வேறு ஒருவருடையது. அது காய்ந்ததும் அடுத்தது தையல்காரருடையதுதான். சுவரில் சாய்த்துவைத்திருக்கிறேன். அதன் பக்கம் திரும்பாமல்தான் இதைப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நான் சொன்னால் இங்கே யாரும் நம்பவில்லை. மாமா வாயால் சொன்னால்தான் நம்புவார்கள். மாமாவோ, அம்மா சொன்னால் மட்டும்தான் கேட்பார். ஆகவே இதை முதலில் படிப்பவர் யாராக இருந்தாலும், அம்மாவைத் தேடிப்பிடித்து மாமாவுக்கு போன் போடச் சொல்லுங்கள். இவனுக்குப் பாலிஷ் தெரியாது, சோபாதான் ஏற்றினான் என்று முதலாளியிடம் மாமா இன்றைக்கே சொல்ல வேண்டும். அதனால் என்னை ஊருக்குத் திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை. என் கட்டிலை யாருக்காவது கொடுத்துவிட்டீர்களா என்று மட்டும் சொல்லுங்கள்.