பாலத்தடித் தண்ணீர்

அந்தமானின் சிப்பிகாட் மதகருகே போன் சிக்னல் கிடைக்காது. அதனால்தான் ஜனவரியில், உப்பு அளக்கும் கருவியை ஷோபனா அங்கிருந்து கழற்றி, ஓடையில் அரை கிலோமீட்டர் மேலே சாலைப் பாலத்தடியில் கட்டினாள். மதகில் இருந்தவரை மாதத்தில் பாதி நாள் அளவே வந்து சேரவில்லை. "டேட்டா வரலைன்னா உன் கான்ட்ராக்டும் வராது" என்று திட்ட அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். பாலத்துக்கு மாற்றியபின் ஒரு நாளும் தவறவில்லை.

மார்ச்சில் ஓடை மெலிந்தது. கடல் ஏறும்போது உப்புநீர் மதகைத் தாண்டியது, ஆனால் பாலம்வரை எட்டவில்லை. கருவியின் அளவை வைத்து நாற்பத்தொரு வீட்டுப் போன்களுக்கு 'தண்ணீர் பாய்ச்சலாம்' என்ற செய்தி பச்சை நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

அன்று மதியம் அறிக்கைக்குப் படமெடுக்க அவள் மதகுக்குச் சற்று மேலே இருந்த நாகமுத்துவின் தோட்டத்துக்குப் போனாள்.

"வாம்மா பேட்டா. போட்டோவுக்குச் சட்டை மாத்தணுமா?"

அவள் கத்தரிச் செடிகளைப் பார்த்தாள். எல்லா இலைகளும் ஓரம் கருகியிருந்தன.

"இது என்ன மாமா?"

"உரம் நக்லி, போலி. அபர்டீன் பஜார்ல ஒருத்தன் தலையில கட்டிட்டான். நேத்துப் போய் நாலு பேர் முன்னால சண்டை போட்டுட்டு வந்தேன். கத்தரி போகட்டும், வெண்டை பூ விட்டிருக்கு. இதுக்கு அந்த உரம் போடல, தண்ணி மட்டும்தான்." அவர் மோட்டார் சுவிட்சை நோக்கி நடந்தார்.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் வெண்டையும் போகும்.

"மோட்டார் போடாதீங்க மாமா."

"ஏன்? போன்ல ஹரா காட்டுதே, பச்சை."

"அது இந்தத் தண்ணியோட அளவு இல்ல. பாலத்துத் தண்ணியோடது. மெஷினை நான்தான் அங்க மாத்தினேன். இங்க உப்பு ஏறியிருக்கு."

நாகமுத்து சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். வாய்க்காலைத் திரும்பிப் பார்த்தார்.

"முன்னெல்லாம் ஒரு வாய் குடிச்சுப் பார்த்துட்டுதான் பாய்ச்சுவேன். மெசேஜ் வந்தப்புறம் விட்டுட்டேன். இப்ப உன்னைத் திட்டவா, என்னைத் திட்டவா? அந்தக் கடைக்காரன்கிட்ட வேற மாஃபி கேக்கணும்."

ஷோபனா கருகிய இலை ஒன்றைக் கிள்ளி எடுத்தாள்.

"ஆபீஸ்ல சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்புறம் சொல்லிக்கலாம். கீழ அங்கம்மா மூணு மணிக்கு மோட்டார் போடுவா. புதுசா நாத்து விட்டிருக்கா. ஜல்தி போ."

அவள் போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. வரப்பில் வேகமாக நடந்தாள். பாதி வழியிலேயே அங்கம்மாவின் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.