எல்லைக்கு வடக்கே வாசித்த ஒரு வரி

என் தம்பி கோல்முக்கு டிரம் பைத்தியம் எப்போது பிடித்தது என்று கேட்டால், பிறந்தபோதே என்பேன். பிஸ்கட் டப்பாவைத் தட்டித் தட்டி அப்பாவிடம் உதை வாங்குவான். தொல்லை தாங்காமல் அம்மா அவனை சர்ச் பேண்டில் சேர்த்துவிட்டாள். ஊர்வலம் முடிந்ததும் விறைப்பாக நின்று டிரம்மில் குச்சிகளைப் படபடவென்று உருட்டுவான். உடனே தேசிய கீதம். வருடக்கணக்காக இதே வேலை.

பிறகு அவன் கூட்டாளி லோர்கனோடு ராக் குழு. ஐரிஷ் நாட்டு எல்லையோரம் எங்கள் மொனஹன் பக்கத்து மண்டபங்களில் கீதம் வாசிக்காமல் நடனத்தை முடிக்க முடியாது. கோல்ம் உருட்டுவான், லோர்கன் கிதாரில் எடுப்பான். வேன் ஓட்டுவது நான்.

எழுபத்து மூன்றில் எல்லைக்கு வடக்கே ஒரு மண்டபத்தில் கூப்பிட்டார்கள். அது பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி; சுவரில் ராணி படம். அவர்கள் கீதம் வேறு. எங்கள் கீதம் காதில் விழுந்தாலே அடிக்க வருவார்கள்; போவது மடத்தனம்தான். ஆனால் லண்டன் ரெக்கார்டு கம்பெனிக்காரர் ஒருவர் அங்கே வந்து கேட்பதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்தால் லண்டன், இல்லாவிட்டால் கோல்முக்குப் பன்றிக்கறித் தொழிற்சாலை.

"டேய், கடைசிப் பாட்டு முடிஞ்சா ஒண்ணும் வாசிக்கக் கூடாது. குச்சியப் பையில போட்டுட்டு வேன்ல ஏறு," என்று கோல்மிடம் சொன்னேன்.

"எத்தன தடவக்கா சொல்லுவ? காது புளிச்சுப் போச்சு."

அன்று அவன் வெளுத்து வாங்கினான். லண்டன்காரர் மேடை ஓரத்துக்கே வந்துவிட்டார். கடைசிப் பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தது. கோல்ம் எழுந்தான், விறைத்தான், கை தானாக உருட்ட ஆரம்பித்துவிட்டது. ஐயோ! ஆடியவர்கள் எல்லாரும் தங்கள் ராணிக்காக நிமிர்ந்து நின்றார்கள். லோர்கனின் விரல் பழக்கத்தில் எங்கள் கீதத்தை எடுத்துவிட்டது.

ஒரே வரிதான். கூட்டம் மேடையை நோக்கிப் பாய்ந்தது. லோர்கனைப் பின்கதவு வழியாக இழுத்து வேனில் தள்ளிவிட்டுத் திரும்பி ஓடினேன். கோல்மின் இரண்டு கைகளையும் மேடை விளிம்பில் வைத்து மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

லண்டன்காரர் ஆஸ்பத்திரிக்குத் திராட்சைப் பழத்தோடு வந்தார். "பிரமாதமான கை, பாவம். லோர்கன், ஸ்டுடியோவுக்குச் சொல்லியாச்சு. வேற டிரம்மர் பாத்துக்கப்பா."

லோர்கன் தலையைக் குனிந்தபடியே சரி என்றான்.

"அந்த வரிய வாசிச்சதே இவன்தான்யா! இவன் விரல் பத்தும் முழுசா இருக்கு!" என்று கத்தினேன்.

"விடுக்கா. உருட்டுனது நான்தானே."

அவர்கள் போனபின் சூப் வந்தது. கட்டுப் போட்ட கைகளால் அவனால் கரண்டி பிடிக்க முடியவில்லை. நான் ஊட்டினேன்.

"புது ஆள்கிட்ட சொல்லச் சொல்லுக்கா. மூணாவது பாட்டுல அவசரப்படக் கூடாது. அதுல எல்லாரும் தாளத்த விட்டு முன்னால ஓடிருவாங்க."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. நாசமாய்ப் போகட்டும்.