பாண்டிலட்சுமி முகத்துக்கு இன்சூரன்ஸ்

சங்கிலிமுத்துவுக்குப் பழைய லேபிள் என்றால் பைத்தியம். தீப்பெட்டி, மத்தாப்பு, சரவெடி என்று சிவகாசியில் அச்சான எதையும் விடமாட்டான். பெண்டாட்டியின் கல்யாணப் புடவை என்ன நிறம் என்று கேட்டால் முழிப்பான். எந்த லேபிளில் கிளி எந்தப் பக்கம் பார்க்கும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வான். அவன் கைக்கு வராத லேபிள் ஒன்று ஆமத்தூரில், அக்கா முத்துமாரியம்மாளின் டிரங்குப் பெட்டியில் இருந்தது.

அது ஒரு மத்தாப்புப் பெட்டி லேபிள். நடுவில் சிரிக்கிற முகம் அக்கா மகள் பாண்டிலட்சுமியுடையது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அச்சகத்துக்காரர் படம் பிடித்துப் போட்டது. அந்தக் கம்பெனி ஒரே சீசனில் மூடிவிட்டது. பாண்டிலட்சுமி வளர்ந்து வேறொரு பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஏறிப் போனாள். மருந்து அறை வெடித்த நாளில் அவள் வீடு திரும்பவில்லை. அவள் முகமென்று மிஞ்சியது அந்தப் படம் மட்டும்தான். விளக்கேற்றியதும் அக்கா அதை எடுத்துப் பார்த்து, அவளோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைப்பாள்.

2007இல் மும்பையில் ஒரு நிறுவனம் பழைய லேபிள்களைப் பரிசோதித்து, தரம் போட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவதாகச் சங்கிலிமுத்து கேள்விப்பட்டான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"பூச்சி அரிக்குதுக்கா. அங்கன அனுப்புனா நம்ம காலத்துக்குப் பெறகும் அப்படியே இருக்கும்."

"வழியில தொலைஞ்சிருச்சுன்னா?"

"இன்சூரன்ஸ் போட்டுத்தான் அனுப்புவேன்."

"தொலைஞ்சா அவ முகத்தத் திருப்பிக் குடுப்பாகளாலே?"

"அது எப்பிடிக்கா? பணம் குடுப்பாக."

"அதத்தான் அன்னைக்கும் குடுத்தாக" என்றாள் அக்கா. ஆனாலும் பூச்சி அரித்த ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, மனசில்லாமல் எடுத்துக் கொடுத்தாள்.

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் காளிராஜ் பேனாவைத் திறந்தான். "மதிப்பு என்னன்னு போடட்டும்ணே?"

சங்கிலிமுத்து தலையைச் சொறிந்தான். அவன் ஒரு லேபிளையும் விற்றதில்லை. விலை எங்கே தெரியும்? இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் மனப்பாடமான ஒரு தொகை உண்டு. பட்டாசு அறையில் ஆள் போனால் கம்பெனி கொடுக்கிற தொகை. வாய் தன்னால் அதைச் சொல்லிவிட்டது.

"அண்ணே, அது ஆளுக்குக் குடுக்குற ரேட்டுல்ல?"

"ஆளும் அதுக்குள்ளதான இருக்கு. எழுதுப்பா" என்று சிரித்தான் சங்கிலிமுத்து.

காளிராஜ் சிரிக்கவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

பார்சல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தியைச் சொல்ல சங்கிலிமுத்து ஆமத்தூர் போனபோது அக்கா கேட்டாள்: "ஏலே, அவ சிரிச்சா குழி எந்தக் கன்னத்துல விழும்?"

"இடதுலக்கா."

"அப்பிடியா?" என்றாள். யாரோ ஊர்க்காரர் விஷயம் கேட்டதுபோல இருந்தது அவள் குரல். வயசாகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வந்துவிட்டான்.

அடுத்த முறை போனபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திறந்த டிரங்குப் பெட்டிக்கு முன்னால் அக்கா கையை நீட்டியபடி நின்றாள். "எதையோ எடுக்கத்தான் வந்தேன். என்னன்னு வெளங்கல." பாண்டிலட்சுமியின் தாவணிகளைப் பாத்திரக்காரனிடம் போட்டு ஒரு சில்வர் குண்டான் வாங்கியிருந்தாள். யாருடையது என்று தெரியவில்லையாம், சும்மா கிடந்ததாம்.

சங்கிலிமுத்து பயந்துபோய் மும்பைக்கு போன் போட்டான். தரமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், படத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று கெஞ்சினான். ஏற்கனவே அனுப்பியாகிவிட்டது, படத்துக்கு ஒரு சேதமும் இல்லை, நீங்கள் எதற்கும் கவலைப்பட வேண்டாம் என்றது மறுமுனை.

அவர்கள் சொன்னது உண்மைதான். பார்சலைப் பிரித்தபோது, நேற்று அச்சானது மாதிரி பாண்டிலட்சுமி உறைக்குள் சிரித்தாள். இடது கன்னத்தில் குழி. பூச்சி அரித்த ஓரத்தைக்கூடச் சரிசெய்திருந்தார்கள். இருப்பதிலேயே உயர்ந்த தரம். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இதைப் பார்த்தால் அக்காவுக்கு எல்லாம் திரும்பிவிடும் என்று அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஓடினான்.

அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"லட்சணமா இருக்காளேலே! யாரு வீட்டுப் பிள்ள?"

"என்னக்கா இப்பிடிக் கேக்க? நம்ம..."

தாய்மாமனாக அவன் மடியில் உட்காரவைத்துக் காது குத்திய பிள்ளை. அவள் வீரிட்டு அழுதது நினைவிருந்தது. வேட்டியை இறுக்கிப் பிடித்த கை நினைவிருந்தது. பேரைச் சொல்ல வாயைத் திறந்தான். பேர் மட்டும் நாக்கில் வரவில்லை.

"சொல்லுலே, யாரு பெத்த பிள்ள?" என்று அக்கா ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.