தீப்பிடிக்காத பஞ்சு

ஆமத்தூர் ராமுத்தாய்க்கு டாக்டர் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. புஞ்சையை ஒட்டி நடக்கும் பட்டாசுக் கம்பெனியின் மருந்துத் தூள்தான் புருஷன் மொக்கைச்சாமியின் நெஞ்சைக் கெடுத்தது என்று அவள் அடித்துச் சொன்னாள். மதுரை டாக்டரோ சதை எடுத்துச் சோதித்துவிட்டு வேறு கதை சொன்னார்.

"டி.பி. இல்லம்மா. நுரையீரலைச் சுத்தியிருக்கிற சவ்வுல புத்துநோய். குணமாக்க மருந்தில்லை; நெஞ்சுல கோத்திருக்கிற நீரை எடுத்தா மூச்சு லேசாகும். கல்நார், அதான் ஆஸ்பெஸ்டாஸ், அந்த வேலை ஏதும் பாத்தாரா?"

கம்பெனிக்காரன் இவர் வாயையும் அடைத்துவிட்டானா என்று ராமுத்தாய் முறைத்தாள்.

மொக்கைச்சாமி இரைத்துக்கொண்டே சொன்னார்: "எளவட்டத்துல கொழும்புல கப்பல் வேலைங்க. நீராவிக் குழாயில வெள்ளையா, பஞ்சு மாதிரி ஒண்ணச் சுத்துவோம். தீயே பிடிக்காது."

"அதுதான் கல்நார். அந்தத் தூசி முப்பது வருஷம் கழிச்சும் ஆளைக் கொல்லும்."

கொழும்பிலிருந்து புருஷன் அன்று கொண்டுவந்த அந்தப் பஞ்சுப் பொதியைப் பருத்திக்காட்டுக்காரியான ராமுத்தாய்தான் ஆசையாய்த் தலையணையில் அடைத்தாள். பிரசவத்துக்கு வந்த மகளுக்காக நேற்று அதைத் தட்டி உதறி, புது உறையும் போட்டிருந்தாள்.

"அய்யா," என்றாள், "எம்மக அதுலதான் தலைவச்சுப் படுத்திருக்கா."