மனசுக்குள் பாடிய குப்பை வண்டி

நான்கு மெகாபைட். குப்பை வண்டியில் பாட்டுப் போடும் பெட்டிக்கு எங்கள் முதலாளி பெங் வாங்கி வந்த மலிவுச் சில்லில் அவ்வளவுதான் இடம். பெட்டியை இயக்கும் மென்பொருளான லினக்ஸ் கெர்னலோ உலகத்தில் இருக்கிற சாதனங்களுக்கெல்லாம் டிரைவரை, அதாவது அவற்றை ஓட்டும் நிரலை, சுமந்துகொண்டு வரும். வேண்டாததை வெட்டி, மிச்சத்தை உள்ளே திணிப்பது என் வேலை. வியாழக்கிழமை சோதனை ஓட்டம் தேறினால் நான் நிரந்தரம். தேறாவிட்டால் தகுதிகாண் காலத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

வெட்டு வெட்டென்று வெட்டியும் இருநூறு கிலோபைட் துருத்திக்கொண்டு நின்றது.

"ஜாய்ஸ்டிக் டிரைவரை எடுத்துடறேன் சார். குப்பை வண்டியில யாரு கேம் ஆடப் போறா?"

"அதுல கை வைக்காதம்மா. பின்னாடி எவனாவது கேட்டு வச்சான்னா?" என்றார் பெங்.

இந்த மனுஷனோடு பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

பெட்டியைச் சோதிப்பதும் லேசாக இல்லை. தைவானில், எங்கள் சின்ச்சூ நகரத்தில், தெருவில் குப்பையை வைத்துவிட்டுப் போக முடியாது. வண்டி பாடும்போது பையோடு ஓடினால்தான் உண்டு. முதல் நாள் அலுவலகத்தில் பாட்டைப் போட்டதும் எட்டு மாடியும் இறங்கி வந்துவிட்டது. ஆறாம் மாடிப் பல் டாக்டர், நோயாளியை வாய் திறந்தபடி விட்டுவிட்டு இரண்டு பையோடு நின்றார்.

"வண்டி எங்க? விளையாடறீங்களா?"

அன்றே ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிப் போட்டோம். அதற்குப் பிறகு திரையில் "பாடுகிறது" என்று வந்தால் பாடியதாகக் கணக்கு.

புதன்கிழமை, எழுத்தும் எண்ணுமாகப் பெயர் கொண்ட ஒரு டிரைவர் கண்ணில் பட்டது. எதற்கென்று புரியவில்லை; நீக்கிப் பார்த்தேன். திரையில் "பாடுகிறது". அளவும் கச்சிதம். ஒரு பபிள் டீ வாங்கி என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

வியாழன் மாலை, வண்டி ஓட்டும் ஆ-லுவான் அக்காவுக்கும் நகராட்சித் துப்புரவுப் பிரிவுத் தலைவர் ட்செங்குக்கும் நடுவில் நசுங்கி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். திரையில் "பாடுகிறது". ஒலிபெருக்கியில் மூச்சில்லை. தெருவில் ஒரு ஈ, காக்கை இல்லை. நேற்று நான் பிடுங்கி எறிந்தது ஆம்ப்ளிஃபயரின் டிரைவர் என்று அப்போதுதான் உறைத்தது.

"என்னடி, உன் பெட்டி மனசுக்குள்ளயே பாடுதா?" என்றாள் அக்கா.

ட்செங் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வழி? அறிவிப்புக்கென்று தனி வயரில் ஒரு மைக் தொங்கியது. அதைக் கையில் எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்தப் பாட்டை நானே லா லா என்று பாடினேன்.

கதவுகள் திறந்தன. பையோடு வந்தவர்களில் ஒரு பெண்மணி, "யாருக்கோ உடம்பு சரியில்ல போல!" என்றார். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. ஆனால் தெரு முழுக்க வந்தது.

ட்செங் இறங்கும்போது சொன்னார்: "நாளைக்கு இதே நேரம், பெட்டி பாடணும். மறுபடி நீ பாடினியோ, உங்க கம்பெனிக்கு ஆர்டர் கிடையாது."

அலுவலகத்துக்கு ஓடினேன். ஆம்ப்ளிஃபயரைச் சேர்த்தேன், யாரையும் கேட்காமல் ஜாய்ஸ்டிக்கைத் தூக்கினேன். ஸ்பீக்கர் வயரை மாட்டி, சத்தத்தை முழுசாக வைத்துப் பொத்தானை அழுத்தினேன்.

திரையை நான் பார்க்கவே இல்லை. பெங் தன் அறையிலிருந்து குப்பைக்கூடையைத் தூக்கிக்கொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தார்.