இரண்டு வார ஒத்திகை

டீச்சருக்கு ஒரு வியாதி உண்டு. பள்ளியைப் பார்வையிட யாராவது வருகிறார்கள் என்றால் போதும், அவளுக்குக் கை சும்மா இருக்காது. சுவரைத் துடைப்பாள், பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுவாள், ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடவைத்து எல்லார் உயிரையும் வாங்குவாள். அந்தச் சின்ன மழலையர் பள்ளிக்கு அதனால் நல்ல பெயர்தான். இந்த முறை அதுவே வினையாக வந்து முடிந்தது.

வரப்போகிறவர் உதவித்தொகை அதிகாரி. பார்க்கப்போவது நான்கு வயது குட்டிம்மாவை. குட்டிம்மாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. ஒன்றை விட்டு இன்னொன்றைச் செய்யச் சொன்னால் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவாள். அவளோடு கூடவே இருப்பதற்கென்று ஓர் அக்கா உண்டு. அக்காவின் சம்பளம் அந்த உதவித்தொகையிலிருந்துதான் வருகிறது. அடுத்த வருடமும் வருமா என்பது அதிகாரியின் கையில் இருந்தது. அக்கா இல்லாவிட்டால் பிள்ளை வீட்டோடுதான் என்று குட்டிம்மாவின் அம்மா முன்பே சொல்லியிருந்தாள்.

டீச்சர் என்ன செய்தாள்? இரண்டு வாரம் உட்கார்ந்து ஒத்திகை நடத்தினாள். பையை மாட்டு, வட்டத்தில் உட்கார், படத்தைத் தொட்டுக் காட்டு. அதிகாரி வந்த அன்று குட்டிம்மா ஒன்றுவிடாமல் செய்து காட்டினாள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. வாசலோரம் நின்ற அம்மாவைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது. எல்லாவற்றையும் தானே செய்கிற பிள்ளைக்குத் துணை எதற்கு என்று அதிகாரி கேட்டுவிட்டால்? தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டால்கூடப் பரவாயில்லை, குழந்தையின் தலையிலல்லவா போட்டுவிட்டாள். வெட்கத்தைப் பார்த்தால் காரியம் கெடும் என்று நேராக அதிகாரியிடம் போனாள்.

"மேடம், தெனமும் இப்படி நடக்காது. நான்தான் ரெண்டு வாரமா பழக்கி வச்சேன். நல்லா செஞ்சா நல்லதுன்னு நெனச்சுட்டேன்."

அதிகாரி சிரித்துவிட்டார். போகிற பள்ளியில் எல்லாம் இதே கூத்துதான் என்றார். பிறகு, அதுவரை குட்டிம்மாவின் பக்கத்திலேயே இருந்த அக்காவைக் கொஞ்ச நேரம் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரச் சொன்னார்.

விளையாடப் போகும் நேரம். மற்ற பிள்ளைகள் ஷூவை மாட்டிக்கொண்டு முண்டியடித்து ஓடினார்கள். குட்டிம்மா தன் ஷூவைக் கையில் எடுத்தாள், அத்தோடு சரி. அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. ஷூவை மடியில் வைத்துக்கொண்டு அக்கா போன கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். டீச்சர் கெஞ்சினாள், அம்மா கொஞ்சினாள், ஒன்றும் நடக்கவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது.

அதிகாரியே எழுந்து போய் அக்காவைக் கூட்டிவந்தார். அக்கா ஷூவைத் தொடக்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து குட்டிம்மாவின் முதுகில் கையை வைத்தாள், அவ்வளவுதான். குட்டிம்மா காலை உள்ளே நுழைத்து, பட்டையை இழுத்து அழுத்தி ஒட்டினாள்.

"நாங்க பணம் குடுக்கறதே இந்தக் கைக்குத்தான். அடுத்த வருஷமும் இருக்கட்டும்," என்றார் அதிகாரி.

அம்மா பிள்ளைகளின் குட்டி நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டீச்சருக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. குட்டிம்மாவோ இதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. இன்னொரு ஷூவையும் போட்டு முடித்து, அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டாள்.