எங்கள் வீட்டு இடிபாடு

கடல்கடந்து வந்து குடியேறிய இல்-பிசார் ஊரில் எங்கள் வீட்டு ஹாலில், கம்பெனி காலத்து வெள்ளைக்காரன் ஒருவன் வரைந்த படத்தின் பிரதி தொங்குகிறது. இடிந்த மொகலாயச் சமாதி, குவிமாடத்தைப் பிளந்து நிற்கும் ஆலமரம், கீழே மாடுகள், ஓரமாகத் தூங்கும் ஒரு ஆள். நல்ல நாளும் அதுவுமாகச் சமாதியைப் பார்த்துக்கொண்டுதான் காபி குடிக்கிறோம். என் கணவர் ரவிசங்கர் வருகிறவர்களையெல்லாம் அதன்முன் நிறுத்தி, "இடிஞ்சு கிடக்கிறதுலதான் அழகு" என்று வகுப்பெடுப்பார்.

பக்கத்து வீட்டு மிஷேல் ரிட்டயரானதும் ஓவியம் கற்றுக்கொண்டவள். அவளும் அந்த வகுப்பைக் கேட்டாள். 2006 கோடையில் எங்கள் வீட்டையே வரைந்து பரிசாகக் கொண்டுவந்தாள். முழங்கால் உயரப் புல், பெயிண்ட் உரிந்த ஜன்னல், கூரையில் நிஜத்தில் இல்லாத ஒரு விரிசல். வாசற்படியில் வேட்டியோடு தூங்குகிறார் இவர்.

அவள் போனதும் குதித்தார். "நான் எப்ப வாசல்ல தூங்கினேன்? என்னை ஒரு வார்த்தை கேட்டாளா?"

"சமாதி ஓரமாத் தூங்கறவன்கிட்ட மட்டும் கேட்டுட்டா வரைஞ்சாங்க?" என்றேன்.

மறுநாள் காலையிலேயே புல் வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு இறங்கினார், அந்தக் கோடையில் முதல் தடவையாக. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த மிஷேல் உச்சுக்கொட்டினாள்.

"அழகையெல்லாம் கெடுக்கிறாரே."